சோறிட்ட வீடுகளின் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா என்று அழைக்கப்படும் வண்டல் பூமி இருக்கிறது. 1960-களில்கூட அங்கே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவும் கடுங்கோடையில் திறந்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மூடிக் கிடக்கும். வெள்ளையர் பிள்ளைகளுக்கு இப்படி இல்லை. அவர்கள் கோடையில் விளையாடிவிட்டு இலையுதிர் காலத்தில் பள்ளிக்குப் போவார்கள். காய் வெடித்துப் பஞ்சு வெளியே தள்ளும் மாதங்களில் பருத்தி எடுக்கச் சின்னக் கைகள் வேண்டியிருந்தன. அந்தக் கைகள் யாருடையவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஒரு பிள்ளை எப்போது படிக்கலாம் என்பதை அங்கே நிலக்காரரின் அறுவடை முடிவு செய்தது.

மீதியைப் பணம் முடிவு செய்தது. 1964 வாக்கில் மிசிசிப்பியில் ஒரு வெள்ளை மாணவருக்குச் செலவான உள்ளூர் நிதி சராசரியாக ஏறத்தாழ 82 டாலர். கறுப்பின மாணவருக்கு 22 டாலர். நிறத்தை வைத்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் சொல்லியிருந்தது. பத்து ஆண்டுகள் ஆகியும், 1964 கோடை வரை அந்த மாநிலத்துப் பொதுப் பள்ளி எதிலும் கறுப்பினப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்ததில்லை.

இவற்றைக் கேட்டால் நமக்குக் கோபம் வரும். ஆனால் அங்கே நடந்த கொடுமைகளில் மிக ஆழமானது எந்தக் கணக்கிலும் ஏறாத ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்கு மௌனம் கற்பிக்கப்பட்டது. ஆசிரியர் வாக்காளராகப் பதிவு செய்தால் வேலை போகும். ஆகவே வகுப்பில் அரசியல் சாசனம் பற்றிய கேள்விக்கு இடம் இல்லை. தலைமையாசிரியரின் சம்பளம் வெள்ளையர் நிர்வாகக் குழுவின் கையில் இருந்தது. ஆகவே அவர் மாணவரை அடக்கி வைப்பதையே தம் முதல் கடமையாகக் கொண்டார். வீட்டில் தாயும் தகப்பனும் இதையே சொன்னார்கள். குனிந்து போ, எதிர்த்துப் பேசாதே, ஏன் என்று கேட்காதே. அவர்கள் கோழைகள் என்று நினைத்துவிடக் கூடாது. 1955-இல் அதே டெல்டாவில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவன், கடையில் இருந்த வெள்ளைப் பெண்ணிடம் வரம்பு மீறிவிட்டான் என்று சொல்லிக் கொல்லப்பட்டான். கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அதைக் கண்ட எந்தத் தாயும் தன் மகனுக்கு மௌனத்தைத்தான் சோற்றோடு ஊட்டுவாள். அன்பே பிள்ளையின் வாயைக் கட்ட வேண்டி வருமானால் அந்தச் சமூகத்தின் அநீதி எவ்வளவு தூரம் உள்ளே போய்விட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

1963 டிசம்பரில் சார்லி காப் என்ற இருபது வயது இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். ஹோவர்ட் பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்திவிட்டு மிசிசிப்பியில் தங்கி, மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் களப்பணியாளராக வாக்காளர் பதிவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். ஸ்னிக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தக் குழுவிடம் அவர் முன்வைத்தது ஒரு கோடைப் பள்ளித் திட்டம். கட்டடம் இல்லை, புத்தகம் இல்லை என்பதைவிட, இந்தப் பிள்ளைகளுக்குத் தாமாகச் சிந்திக்கவும் கேட்கவும் இடமில்லை என்பதே பெரிய குறை என்று அவர் கண்டார். அடுத்த கோடையில் மாநிலத்துக்கு வரவிருந்த கல்லூரி மாணவர்களைக் கொண்டு அந்த இடத்தை உண்டாக்கலாம் என்பது அவர் யோசனை. இதிலிருந்துதான் விடுதலைப் பள்ளிகள் என்று பெயர் பெற்ற நாற்பதுக்கும் மேற்பட்ட கோடைப் பள்ளிகள் பிறந்தன.

ஆனால் எந்த நல்ல யோசனையும் ஒரு குறிப்பிலிருந்து பிறப்பதில்லை. அதற்கு முன்னோர் உண்டு. இந்தப் பள்ளிகளின் முன்னோரைத் தேடினால் தென் கரோலினாக் கடலோரத்தில் ஜான்ஸ் தீவில் இருந்த ஒரு மளிகைக் கடைக்குப் போக வேண்டும். அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பேருந்தில் ஏற்றிச் செல்வார். வழியில் அவர்களுக்கு, வாக்காளராகப் பதிவு பெறுவதற்கான தேர்வில் கேட்கும் சட்டப் பகுதிகளைச் சொல்லிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது போதவில்லை. 1957 ஜனவரியில், கூட்டுறவாக நடத்தப்பட்ட கடையின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. முன்பக்கம் கடை இருந்ததால் வெள்ளையர் கண்ணுக்கு உறுத்தவில்லை.

வகுப்பைத் திட்டமிட்டவர் செப்டிமா கிளார்க். நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். கறுப்பினத்தார் உரிமைக்குப் போராடும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதை விட மறுத்ததால் 1956-இல் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தவர். அப்படிப்பட்டவர் தம் முதல் வகுப்புக்கு ஆசிரியராக யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் இல்லை. சிகை அலங்காரத் தொழில் செய்தவர். அவர் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். ஆகவே வெள்ளை முதலாளி எவராலும் அவர் வயிற்றில் அடிக்க முடியாது. அத்தோடு, படித்த ஆசிரியர் முன்னால் முதியவர்கள் கூசிப் போவார்கள். இவர் முன்னால் கூச மாட்டார்கள். முதல் நாள் அவர் தாம் ஆசிரியர் இல்லை என்றும், சேர்ந்தே கற்போம் என்றும் சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். பெயரை எழுத வேண்டும், வேதாகமம் படிக்க வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும், வாக்குரிமைக்குக் கேட்கும் சட்டப் பகுதியைப் படிக்க வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆயிற்று.

தாம் ஆசிரியர் இல்லை என்று அவர் சொன்னதை வெறும் பணிவு என்று கடந்துவிட முடியாது. நம்மில் எத்தனையோ பேர் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவக் கிளம்புகிறோம். நோட்டுப் புத்தகம் கொடுக்கும்போது பிள்ளையைக் கேமரா பக்கம் திரும்பி நிற்கச் சொல்கிறோம். அந்தக் கணத்தில் பிள்ளை ஒன்றைப் பெறுகிறது, ஒன்றை இழக்கிறது. இழந்தது நோட்டைவிட விலை உயர்ந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை, பிள்ளைக்குத் தெரியும். கொடுப்பவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்பதைப் பெறுபவரைத் தவிர வேறு யாராலும் சரியாக அளக்க முடியாது.

1964-இல் மிசிசிப்பிக்குப் போகவிருந்தவர்கள் பெரும்பாலும் வடக்கத்திய வெள்ளை மாணவர்கள். நல்ல கல்லூரிகளில் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். இவர்களை அழைப்பதா வேண்டாமா என்று ஸ்னிக்கிற்குள்ளேயே கடும் விவாதம் நடந்தது. இவர்கள் வேகமாகத் தட்டச்சு செய்வார்கள், சரளமாகப் பேசுவார்கள். அப்போதுதான் தலைநிமிரத் தொடங்கியிருக்கும் உள்ளூர்க்காரர் மறுபடி பின்வரிசைக்குப் போய்விடுவார் என்று களப்பணியாளர்கள் அஞ்சினார்கள். நியாயமான அச்சம். மிசிசிப்பிப் பணிக்குத் தலைமை தாங்கிய பாப் மோசஸ் எல்லாத் தயக்கத்தோடும் அழைப்பை ஆதரித்தார். கறுப்பினத்தார் கொல்லப்படும்போது திரும்பிப் பார்க்காத நாடு, வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் ஆபத்தில் இருந்தால் திரும்பிப் பார்க்கும் என்ற கசப்பான கணக்கும் அதில் இருந்தது.

மார்ச்சில் நியூயார்க்கில் கூடிப் பாடத்திட்டம் வகுத்தார்கள். வரலாற்றாசிரியர் ஸ்டாட்டன் லிண்ட் பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். ஜூனில் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பயிற்சி. தன்னார்வலர்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கைதானால் ஜாமீனுக்கு 500 டாலர் ஏற்பாடு செய்துகொண்டு வர வேண்டும். அடி விழும்போது தலையை எப்படிக் காத்துக்கொள்வது என்பதும் பயிற்சியில் இருந்தது. மீட்பர்களாகப் போகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே அந்தப் பள்ளிகளின் விலை தெரிந்துவிட்டது. நெஷோபா மாவட்டத்தில் லாங்டேல் என்ற சிற்றூரில் மவுண்ட் சயான் தேவாலயம் இருந்தது. மே மாத இறுதியில் இயக்கப் பணியாளர்களான மைக்கேல் ஷ்வெர்னரும் ஜேம்ஸ் சேனியும் அங்கே போய், தேவாலயத்தில் ஒரு கோடைப் பள்ளி நடத்த இடம் கேட்டார்கள். ஜூன் 16 இரவு கூட்டம் முடிந்து வெளியே வந்த சபையாரைக் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலின் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். பிறகு தேவாலயத்தைக் கொளுத்தினார்கள். ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை ஷ்வெர்னரும் சேனியும், முந்தின நாள்தான் ஒஹாயோவிலிருந்து வந்து சேர்ந்த ஆண்ட்ரூ குட்மனும் எரிந்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். திரும்பும் வழியில் கைது, இரவில் விடுதலை, பிறகு கொலை. வயது முறையே 24, 21, 20. அவர்களுடைய உடல்கள் ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டன.

வரலாறு இந்த மூவரை நினைவில் வைத்திருக்கிறது, வைக்க வேண்டியதுதான். ஆனால் இவர்களுக்கு ஐந்து நாள் முன்னால் அடி வாங்கிய சபையாரை யார் நினைக்கிறார்கள்? அவர்கள் செய்த குற்றம், ஊர்ப் பிள்ளைகள் படிக்க இடம் தரலாம் என்று எண்ணியது. அவர்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் இல்லை. ஆகவே எங்கும் திரும்பிப் போகவும் முடியாது.

அந்தக் கோடையின் அறம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தன்னார்வலர்கள் தங்க விடுதி கிடையாது. கறுப்பினக் குடும்பங்கள் அவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டன. வாரத்துக்குப் பயிரிட்டும், வெள்ளையர் வீட்டில் சமைத்தும் பிழைத்த குடும்பங்கள் அவை. விருந்தாளிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுத்தன. காலையில் இருக்கிறதைச் சமைத்துப் போட்டார்கள். வெள்ளை இளைஞன் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் மறுநாள் வேலை போகலாம். கடையில் கடன் நிற்கலாம். இரவில் ஜன்னல் வழியே குண்டு வரலாம். பல இடங்களில் வந்தது. அகிம்சையைக் கொள்கையாகக் கொண்ட இயக்கத்தின் ஆட்கள் உள்ளே உறங்க, வீட்டுக்காரர் இரவு முழுக்கத் துப்பாக்கியோடு வாசலில் விழித்திருந்தார். இதைப் பற்றி இயக்கத்தில் தர்க்கம் நடந்தது; கடைசியில், விருந்தாளியைக் காப்பது வீட்டுக்காரர் கடமை என்று விட்டுவிட்டார்கள்.

கல்வி தருகிறோம் என்று வந்தவர்கள் முதல் நாளே கடனாளிகள் ஆனார்கள். இது அந்தப் பள்ளிகளுக்குக் கிடைத்த பெரிய பேறு. சோறு போட்டவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போது குரல் உயராது.

வகுப்புகள் ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பித்தன. தேவாலயத்து நிலவறைகள், பழைய வீடுகள், மரத்தடிகள். ஹாட்டிஸ்பர்க் நகரில் பதிவு நாளன்று எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்காக 575 பேர் வந்து நின்றார்கள். எண்பதைத் தாண்டிய முதியவர் ஒருவரும் அதில் இருந்தார். பிள்ளைகளுக்காகத் திட்டமிட்ட பள்ளியில் பாட்டனும் பேத்தியும் சேர்ந்தார்கள். மாநிலம் முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்தார்கள். கட்டாயம் இல்லை, மதிப்பெண் இல்லை, சான்றிதழ் இல்லை. போனால் அடி விழக்கூடிய பள்ளிக்கு, விடுமுறையில், நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும் வெயிலில், தாமாகப் போனார்கள். படிப்பில் ஆர்வம் இல்லாதவர்கள் என்று யாரைப் பற்றியும் சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கும் வாசிப்பும் இருந்தன. தட்டச்சு கற்பித்தார்கள். பிரெஞ்சு மொழி வகுப்புக்கு நல்ல கூட்டம். பருத்திக் காட்டில் பிரெஞ்சு எதற்கு என்று கேட்பவர் அந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவில்லை. வெள்ளையர் பள்ளியில் இருந்தது, தங்கள் பள்ளியில் இல்லாதது. அதனாலேயே அது வேண்டியிருந்தது. பயன்படும் கல்வி மட்டும் ஏழைக்குப் போதும் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பயன் எது என்று தீர்மானிப்பது எப்போதும் வேறொருவராக இருக்கிறார்.

கறுப்பினத்தார் வரலாறு தனிப் பாடமாக இருந்தது. அமிஸ்டாட் கப்பலில் கடத்திச் செல்லப்பட்டவர்கள் கிளர்ந்தெழுந்த கதையைப் பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்டார்கள். தம் முன்னோர் அடிமைத்தனத்தை மனமொப்பி ஏற்றவர்கள் என்று அதுவரை படித்திருந்தவர்களுக்கு இது என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு அவர்களே எழுதத் தொடங்கினார்கள். பல பள்ளிகள் சொந்தமாகப் பத்திரிகை நடத்தின. பிள்ளைகளே எழுதி, தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் சுற்றி எடுத்து ஊரில் விநியோகித்தார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தவை சில கேள்விகள். நாம் ஏன் இந்தப் பள்ளிக்கு வந்திருக்கிறோம் என்பதில் தொடங்கும். அதே கேள்வி ஆசிரியருக்கும் உண்டு. அவரும் பதில் சொல்ல வேண்டும். அதை அடுத்து இன்னும் மூன்று: பெரும்பான்மைச் சமூகத்திடம் இருப்பதில் நமக்கு வேண்டியது எது? அவர்களிடம் இருப்பதில் நமக்கு வேண்டாதது எது? நம்மிடம் இருப்பதில் நாம் விடாமல் வைத்துக்கொள்ள விரும்புவது எது?

இந்த மூன்றில் முதல் கேள்விக்குப் பதில் எளிது. நல்ல பள்ளி, நல்ல சாலை, வாக்குரிமை. இரண்டாவது கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஆண்டவனைப் போல நடந்துகொள்கிறவன் வாழ்வில் எனக்கு வேண்டாதது என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கும்போதே அவன் பீடத்திலிருந்து இறங்கிவிடுகிறான். மூன்றாவதுதான் கடினம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு நன்மை செய்யப் புறப்படுகிறவர்கள் ஏறக்குறைய எப்போதும் மறந்துவிடுவது அது. உன்னிடம் இல்லாதது என்ன என்று கேட்டுத்தான் நமக்குப் பழக்கம். அந்தப் பட்டியலை நாமே எழுதிக்கொண்டும் போகிறோம். உன்னிடம் இருப்பது என்ன, அதில் காக்கத் தக்கது எது என்று கேட்கும்போது எதிரில் இருப்பவர் காலிப் பாத்திரம் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைகளிடம் பாட்டு இருந்தது, ஒருவருக்கொருவர் ஒத்தாசை இருந்தது, அந்நியரை வீட்டில் வைத்துச் சோறு போடும் மனம் இருந்தது. கேள்வியைக் கேட்ட இளைஞர்களில் பலர் அவ்வளவு பெரிய மனத்தை அந்தக் கோடைக்கு முன் அறிந்திருக்க மாட்டார்கள்.

மெக்கோம் நகரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் மிக அதிகமாகக் குண்டு வெடித்த ஊர்களில் ஒன்று அது. ஜூலை 8 அன்று தன்னார்வலர்கள் தங்கிய வீட்டுக்கே குண்டு வைத்தார்கள். பயந்து போன தேவாலயங்கள் பள்ளிக்கு இடம் தரவில்லை. வகுப்பு புல்தரையில் நடந்தது. பதின்ம வயது மாணவி ஒருத்தி, குண்டுக்கு அஞ்சாமல் நாங்கள் வந்திருக்கிறோம், பெரியவர்களாகிய நீங்கள் கதவை மூடிக்கொண்டீர்களே என்ற பொருளில் ஒரு கவிதை எழுதினாள். அது ஊரில் பரவிய பிறகு ஒரு தேவாலயம் திறந்தது. பெரியவர்கள் வெட்கப்பட்டார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெரியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூடிய கதவு அச்சத்தால் மூடியது. அந்த அச்சத்துக்குக் காரணங்கள் இருந்தன. மகளின் வார்த்தையைக் கேட்டு அதைத் திறந்தார்களே, அந்த வயதில் அது எளிதான காரியம் இல்லை.

ஆகஸ்ட் 14 அன்று ஹாட்டிஸ்பர்க்கில் சாண்ட்ரா அடிக்ஸ் என்ற வெள்ளை ஆசிரியை தம் மாணவர் ஆறு பேருடன் பொது நூலகத்துக்குப் போனார். பிள்ளைகள் நூலக அட்டை கேட்டார்கள். மறுத்தார்கள், விடாமல் நின்றபோது நூலகத்தையே மூடிவிட்டார்கள். அங்கிருந்து கிரெஸ் கடையின் சிற்றுண்டிப் பகுதிக்குப் போனார்கள். உணவகங்களில் நிற வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்குப் பரிமாறலாம் என்றார்கள். அவர்களோடு வந்த வெள்ளை ஆசிரியைக்கு முடியாது என்றார்கள். பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். வெளியே வந்த ஆசிரியையைக் கைது செய்தார்கள். குற்றம், வேலையின்றித் திரிதல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1970-இல் தீர்ப்பானது; சட்டக் கல்லூரிகளில் அதை இன்றும் படிக்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பைவிட, கிடைக்கும் உணவை விட்டுவிட்டு எழுந்த ஆறு பிள்ளைகள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். பசித்தவர்கள், முதன்முறையாகச் சட்டப்படி அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், நமக்குக் கிடைத்துவிட்டது என்று இருந்துவிடவில்லை.

அதற்கு முந்தின வாரம், ஆகஸ்ட் 6 முதல் 8 வரை, மெரிடியனில் பள்ளிகளின் மாநாடு நடந்தது. மாநிலம் முழுவதிலுமிருந்து மாணவப் பிரதிநிதிகள் வந்தார்கள். சேனியின் சொந்த ஊர் அது. அவர் உடல் கிடைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாநாட்டின் நடுவே, ஆகஸ்ட் 7 அன்று, அதே ஊரில் அவருக்கு இறுதி அஞ்சலி. அந்தச் சூழலில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் குழுக்களாக உட்கார்ந்து தீர்மானங்கள் எழுதினார்கள். பள்ளிகள், வீட்டு வசதி, மருத்துவம், வேலை, வாக்குரிமை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிராகப் பொருளாதாரத் தடை வேண்டும் என்றும் கேட்டார்கள். சொந்த ஊர் நூலகத்தில் நுழைய முடியாத பிள்ளைகள் கடல் கடந்த இன்னொரு மக்களின் துயரத்துக்குத் தம் தீர்மானத்தில் இடம் வைத்தார்கள். பட்ட துன்பம் சிலரைச் சுருக்கிவிடும், சிலரை விரித்துவிடும். எது நடக்கும் என்பது பெரும்பாலும் அதைப் பற்றிப் பேச இடம் கிடைத்ததா என்பதைப் பொறுத்தது.

செப்டம்பரில் வழக்கமான பள்ளி திறந்தபோது கோடையின் கேள்விகளும் உள்ளே போயின. நெஷோபா மாவட்டத் தலைநகரான ஃபிலடெல்ஃபியாவில், அந்தத் தேவாலயம் எரிந்த அதே மாவட்டத்தில், கறுப்பின உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒருவருக்கு ஒரு வாக்கு என்று அச்சிட்ட பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். தலைமையாசிரியர் தடுத்தார், கழற்ற மறுத்தவர்களை இடைநீக்கம் செய்தார். பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 1966-இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பள்ளி நடப்பதற்கு இடையூறு இல்லாதவரை அவர்கள் கருத்தை அடக்க முடியாது என்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த அயோவா மாணவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பைத்தான் ஆதாரமாகக் காட்டியது. அமெரிக்கப் பள்ளி மாணவரின் பேச்சுரிமைக்கு இப்படி ஒரு வேர் இருக்கிறது.

அதே நாளில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் மாணவருக்கு எதிராகவும் தீர்ப்புச் சொன்னது. இசக்குவீனா மாவட்டத்தில் மாணவர்கள் பேட்ஜை வேண்டாதவர்கள் சட்டையிலும் குத்தினார்கள், வகுப்பு நடக்கவில்லை என்று சாட்சியம் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் நேர்மையாக இருக்காது. தன் குரல் கிடைத்த புதிதில் அடுத்தவர் குரலை மறப்பது மனித இயல்பு. அந்த ஊர்ப் பெற்றோர் தோற்றுத் திரும்பிவிடவில்லை; இடைநீக்கமான பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி நடத்தினார்கள். அவர்களில் முன்னின்ற யுனிட்டா பிளாக்வெல், பருத்தி எடுத்து வளர்ந்தவர், 1976-இல் மேயர்ஸ்வில் நகரின் மேயர் ஆனார்.

ஆகஸ்ட் முடிவில் தன்னார்வலர்களில் பெரும்பாலானோர் கல்லூரிக்குத் திரும்பினார்கள். சில பள்ளிகள் குளிர்காலத்திலும் நடந்தன. பல தேய்ந்து நின்றன. வீட்டில் இடம் கொடுத்தவர்கள் அதற்கான விலையைப் பல மாதம் செலுத்தினார்கள். வந்தவர் போய்விடுவார், இருப்பவர் இருப்பார் என்ற இந்தக் குறையை எந்தப் புகழ்ச்சியாலும் மூடக் கூடாது. வெளியிலிருந்து போய் நல்லது செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் பேருந்து ஏறும் முன் இதைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் மூட்டிவிடும் தைரியத்தின் விலையை நான் இல்லாதபோது யார் கொடுப்பார்?

ஓரளவு பதில் அடுத்த கோடையில் வந்தது. 1965-இல் மத்திய அரசின் ஹெட் ஸ்டார்ட் என்ற மழலையர் திட்டம் தொடங்கியபோது, மிசிசிப்பியில் ஒரு குழு ஏறத்தாழ ஆறாயிரம் குழந்தைகளுக்கு மையங்கள் திறந்தது. அவற்றை நடத்தியவர்களில் பலர் முந்தைய கோடையில் தன்னார்வலருக்குச் சோறு போட்ட அதே பெண்கள். வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் வாங்கியதைப் போலப் பல மடங்கு சம்பளம், அதுவும் நிலக்காரர் கை வைக்க முடியாத சம்பளம். மாநிலத்து அரசியல்வாதிகள் அதை ஒழிக்க ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. விடுதலைப் பள்ளி என்ற பெயரையும் 1995-இல் மேரியன் ரைட் எடல்மன் நிறுவிய குழந்தைகள் பாதுகாப்பு நிதியம் மீண்டும் எடுத்தது. மிசிசிப்பியில் வழக்கறிஞராகப் பதிவான முதல் கறுப்பினப் பெண் அவர். ஆறு வாரக் கோடைப் பள்ளிகள், தேவாலயங்களிலும் சமூகக் கூடங்களிலும். பாடம் சொல்பவர்கள் கல்லூரி வயது இளைஞர்கள்.

பாப் மோசஸ் கணித ஆசிரியர். 1982-இல் கிடைத்த பெரிய நல்கையைக் கொண்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் எட்டாமல் போவது அந்நாளில் வாக்குரிமை எட்டாமல் போனதற்கு ஈடானது என்று சொல்லி ஒரு திட்டம் தொடங்கினார். 1990-களில் மிசிசிப்பியின் ஜாக்சனுக்குத் திரும்பி லேனியர் உயர்நிலைப் பள்ளியில் வகுப்பெடுத்தார். ஐம்பதைக் கடந்தவர், நாடறிந்தவர், ஒரு சாதாரண அரசுப் பள்ளியின் கரும்பலகை முன்னால் ஆண்டுக் கணக்கில் நின்றார். 2021 ஜூலையில் அவர் இறந்தபோது பத்திரிகைகள் 1964-ஐப் பற்றி எழுதின. அவரிடம் கற்ற பிள்ளைகள் 1996-இல் தொடங்கிய அமைப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தம் தெருவிலேயே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். அதற்குச் சம்பளமும் உண்டு. அவர்கள் யாரும் கோடை முடிந்ததும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.